கடைசி ஒரு மணி நேர வானம்

மைனஸ் குறியைப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் இரண்டாவது வரிசையின் முனையில் திரும்பும்போதுதான் டெல்பினுக்கு வந்தது. வந்த மாத்திரத்தில் கால் நின்றுவிட்டது. முன்பெஞ்சில் இருந்த பெண் தன்னைத்தான் பார்க்கிறார்கள் போல என்று பதறி விடைத்தாளைக் கையால் மறைத்தாள். ஒன்றுமில்லை, எழுதும்மா என்பதுபோலத் தலையசைத்துவிட்டு டெல்பின் மறுபடி நடந்தாள். மைனஸ் பன்னிரண்டு. வாய் சொன்னது நினைவிருக்கிறது. காலையில் ஆய்வகத்தில் மாணவி இசக்கியம்மாள் பக்கத்தில் நின்று தொலைநோக்கிக்கு அனுப்பவேண்டியதை ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, தான் கணினியில் தட்டியதும் நினைவிருக்கிறது. வாய் சொன்னதைக் கை செய்ததா என்பதுதான் நினைவில்லை. வாய் சொல்லிவிட்டால் கை செய்துவிட்டது என்று மனசு நம்பிக்கொள்ளும், வாசல் கதவைப் பூட்டின மாதிரி, காஸை அணைத்த மாதிரி. அந்தச் சின்னக் கோடு இல்லாவிட்டால் தொலைநோக்கி தெற்கே பார்க்காமல் வடக்கே பார்க்கும், எந்தக் கேள்வியும் கேட்காது, சொன்ன இடத்தை அழகாகப் படம் எடுத்து அனுப்பிவிடும், அதில் அவர்கள் தேடுவது மட்டும் இருக்காது. போய்ப் பார்க்கலாம் என்றால் கைப்பேசி தேர்வு அலுவலகத்து பீரோவுக்குள் இருந்தது. கண்காணிப்பாளர்களின் கைப்பேசிகளையெல்லாம் அங்கே வாங்கிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்துக்கொள்வார்கள், ஐந்து மணிக்குத்தான் கிடைக்கும். மணி இப்போது இரண்டே கால்தான். அறை முழுக்க வணிகவியல் மாணவிகள், அடக்கவிலைக் கணக்கியல் தாள், தன் பாடத்துக்குத் தானே நிற்கக்கூடாது என்பதால் இயற்பியல் ஆசிரியையான அவளை இங்கே போட்டிருந்தார்கள். தூத்துக்குடியின் ஏப்ரல் மாத வெயில் ஜன்னல் கம்பிகளில் காய்ந்தது. மின்விசிறி காற்றை அல்ல, சூட்டையே சுற்றிச் சுற்றிப் போட்டது. இங்கே இரண்டேகால் என்றால் சிலியில் இன்னும் விடியவில்லை, அங்கே அந்த மலைமேல் ஆளில்லாத குவிமாடத்துக்குள் இயந்திரம் திரும்பிக்கொண்டிருக்கும். தெற்கே திரும்புகிறதா வடக்கே திரும்புகிறதா?

யாரும் கண்வைத்துப் பார்க்கிற தொலைநோக்கி இல்லை அது. சிலியில் ஒன்று, ஹவாய்த் தீவு மலையொன்றில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று, ஆப்பிரிக்காவில் ஒன்று என்று பூமியைச் சுற்றி வைத்து, எல்லாவற்றையும் ஒரே கணினி ஓட்டியது. யாருக்கு எப்போது எந்த வானம் என்று அதுவே பங்கு பிரிக்கும். ஓரிடத்தில் மேகம் என்றால் வேலையை எடுத்து இருட்டியிருக்கும் வேறிடத்துக்குக் கொடுக்கும். இரவு மேற்கே நகர நகர வேலையும் மேற்கே நகரும். ஆராய்ச்சிக்காரர்களுக்குப் போக, பள்ளி கல்லூரிகளுக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இந்தக் கல்லூரிக்கு இந்த ஆண்டு கிடைத்ததில் மிச்சம் ஒரே ஒரு மணி நேரம். அதைத்தான் இன்று காலையில் ஒரு புள்ளிக்குக் கொடுத்திருந்தாள். புள்ளி என்று சொன்னால் ஏதோ பெரிதாக நினைத்துவிடுவார்கள். சாம்பல்நிறப் பொடி, திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தால் போய்விடும் போலிருக்கும். போன வாரம், சூரியனைச் சுற்றும் கற்களான குறுங்கோள்களைத் தேடும் பயிற்சிக்கு வந்த படங்களில் இசக்கியம்மாள்தான் அதைக் கண்டாள். ஒரே வானத்தை இடைவெளி விட்டு எடுத்த நாலு படங்களை மாற்றி மாற்றி ஓட்டினால் நட்சத்திரமெல்லாம் நிற்கும், நகர்கிறது மட்டும் தத்தும். “மேம், இது தத்துது மேம்” என்று அவள் கத்தியதில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோனது. தெரிந்த குறுங்கோள்களின் அட்டவணையில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. மூன்று படத்தில் ஒரே கோட்டில் நகர்ந்தது, நாலாவதில் காணவில்லை. நாலாவதில் அது போயிருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரம் உட்கார்ந்திருந்தது. அதன் ஒளிக்குள் மறைந்திருக்கலாம். இருக்கலாம்தான். பயிற்சியை நடத்தும் கௌசிக் தொலைபேசியில் அதைத்தான் சொன்னான், சின்ன வயது, நல்ல பையன், ஒரு சொல் கூடக் கடுமையாகப் பேசவில்லை. “இருக்கலாம் மேடம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இந்த மாதிரி மூணு புள்ளி தற்செயலா ஒரே கோட்டுல விழுறது நெறைய வரும். நாலாவதுல இல்லையே. இதுக்குப் போய் மிச்ச நேரத்தையும் வீணாக்கணுமா, நீங்களே யோசிங்க.” கடுமையாகப் பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எதிர்த்துப் பேச ஒரு பிடி கிடைத்திருக்கும். அந்த மரியாதைதான் ஒரு வாரமாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. வீணாக்கணுமா? ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி வீணாகும்? இல்லாவிட்டால் இல்லை என்றாவது தெரியுமே. ஆனால் மைனஸ் போடாமல் இருந்தால் அதுகூடத் தெரியாது. இல்லாத இடத்தில் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

“மேம், அடிஷனல் ஷீட்.” மூன்றாவது வரிசையில் கை உயர்ந்தது. தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது, அந்தப் பெண்ணின் தாளில் கண் தானாகப் போனது. கழித்தல் கணக்கு, அடைப்புக்குறிக்குள் போட்ட எண்கள். இவர்களுக்கு மைனஸ் கூட அடைப்புக்குறிக்குள்தான், கோடு கிடையாது, நல்ல வசதி, காணாமல் போகாது. கோடு காணாமல் போய்விடும். கோடு காணாமல் போயிருந்தால் யாரிடம் சொல்ல முடியும், சிஸ்டரிடமா? முதல்வர் சிஸ்டர் பிரிஜித்தா முந்தாநாள் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் வரவழைத்துக் கொடுத்துத்தான் கேட்டார். “அடுத்த வாரம் குழு வருதும்மா, டெல்பின். நம்ம காலேஜ் வெளிநாட்டு டெலஸ்கோப்ப இங்க இருந்தே இயக்குதுன்னு அவங்களுக்குக் காட்டணும். கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒண்ணு வேணும். நீங்க அன்னைக்கிக் காட்டுனீங்களே, தொப்பி மாதிரி ஒரு கேலக்ஸி, அத நம்மளே எடுத்துப் பெருசா போட்டு நுழைவாயில்ல வச்சிரலாம்.” கேட்டதில் தப்பில்லை. தரமதிப்பீட்டுக் குழு வந்து நல்ல மதிப்பெண் போட்டால்தான் ஆய்வகத்துக்குப் புதுக் கணினி வரும், இணைய இணைப்பு வரும், இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த வருடமும் ஏதாவது நடக்கும். பாக்கேன் சிஸ்டர் என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள். அந்தத் தொப்பியும் அதே பக்கத்து வானத்தில்தான் இருக்கிறது, அதற்கும் விண்ணப்பம் எழுதித் தயாராகவே வைத்திருந்தாள். பொத்தானை அமுக்கினால் புள்ளி போய்த் தொப்பி வந்துவிடும். அமுக்கவில்லை. காலையில் புள்ளியைத்தான் அனுப்பினாள். அனுப்பும்போது யாரிடமும், இசக்கியம்மாளிடம்கூட, கேட்கவில்லை. “மேம், சிஸ்டர் கேட்டாங்கல்லா” என்று அவள் இழுத்தபோது, “நீ நம்பர வாசி” என்று மட்டும் சொன்னாள். வாசித்தாள். மைனஸ் பன்னெண்டு என்று வாசித்தாள். வாசித்தாளா, நான்தான் சொன்னேனா?

மின்சாரம் போனது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன. ஒரு கணம் டெல்பினுக்கு நெஞ்சு திடுக்கென்றது, ஐயோ, தொலைநோக்கி. பிறகு தனக்குத்தானே வெட்கமாக இருந்தது, தூத்துக்குடியில் கரண்ட் போனால் சிலியில் விளக்கு அணையுமா? கல்லூரி ஜெனரேட்டர் தூரத்தில் உறுமத் தொடங்கும்வரை அறையில் காற்றே இல்லை. முப்பது பேர் மூச்சும் வியர்வையும் பேனா மையும் சேர்ந்த வாடை, ஜன்னல் வழியாகக் கடலின் உப்பு வெக்கை. இப்படி ஒரு வெக்கையில்தான் அண்ணன் சில்வெஸ்டரின் படகுக்காக எல்லோரும் கடற்கரையில் காத்துக் கிடந்தார்கள். அதை இப்போது நினைக்க வேண்டாம் என்று அடுத்த வரிசைக்குத் திரும்பினாள், நினைவும் கூடவே திரும்பியது. புயல் அடித்துப் போன பிறகு படகுகள் ஒவ்வொன்றாக வந்தன, அண்ணன் போனது மட்டும் வரவில்லை. தேடப்போனவர்கள் திரும்பிவந்து இல்லை என்றார்கள், விமானத்திலிருந்தும் பார்த்தாகிவிட்டது, அந்தப் பக்கம் எதுவுமில்லை என்றார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பார்த்திருந்தார்கள். கோயிலில் பூசைக்கும் சொல்லியாகிவிட்டது, மதினி வெள்ளைச் சேலையும் எடுத்துவிட்டாள். அதற்கப்புறம்தான் ஒரு சரக்குக் கப்பல்காரன் தூக்கிக்கொண்டு வந்து கொச்சியில் இறக்கினான் என்று தகவல் வந்தது. உதடு வெடித்து, தோல் உரிந்து, கட்டிலில் கிடந்துகொண்டு அண்ணன் சொன்னதை வேறு யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தார்கள், இவள்தான் கேட்டாள். “எங்க தலைக்கு மேலயேதான் போச்சு பிள்ள, ஏரோப்பிளேன். சட்டையக் கழட்டி வீசுனோம். சத்தம் போட்டோம், அது கேக்குமா? நேரா போயிட்டு. அவங்க பாத்துட்டுத்தான் போயிருக்காங்க. நாங்களும் அங்கதான் கெடந்தோம்.” கோபமே இல்லாமல் சொன்னான். இன்றைக்கும் ஐஸ் கம்பெனியில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அந்தப் பேச்சைத் தொடமாட்டான், கடலுக்கும் போகமாட்டான், டிவியில் சத்தமாகச் செய்தி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதையும் இதையும் முடிச்சுப் போடாதே டெல்பின் என்று சொல்லிக்கொண்டாள். அங்கே இருந்தது மனுஷன், இங்கே இருப்பது கல்லு, இருந்தால். தெரியாமல் போனால் கல்லுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அது பாட்டுக்குச் சூரியனைச் சுற்றும். தெரியவேண்டியது நமக்குத்தான். மூன்று படத்தை வைத்துக்கொண்டு இவ்வளவுதான் என்று எழுந்து போகிறவளா நான்? அதுதான் கேள்வி, வேறு ஒன்றுமில்லை. விசிறிகள் மறுபடி சுற்றத் தொடங்கின. தாள்கள் படபடத்தன. யாரோ அப்பாடா என்றார்கள். டெல்பின் உஷ் என்றாள்.

மூன்றரை மணி வாக்கில் தமிழ்த்துறை செண்பகவல்லி வாசலில் வந்து நின்றாள். கண்காணிப்பாளர்களுக்கு டீ குடிக்க இடைவேளை கொடுப்பதற்காக ஒவ்வொரு அறையாக மாற்றி நிற்பது இன்று அவள் வேலை. டெல்பினின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது, ஊழியர் அறையில் ஒரு வாரமாக இந்தப் புள்ளிக் கதையைக் கேட்டவள்தானே. “பீரோ சாவி ஆபீஸ் அக்காட்டதான் இருக்கு,” என்று காதோடு சொன்னாள். “எக்ஸாம் சீஃப் சார் மாடிக்கு ரவுண்ட்ஸ் போயிருக்காரு. ஒரு நிமிஷம் போனப் பாத்துட்டு வந்துருங்க. நான் நிக்கேன், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.” டெல்பினின் கால் வாசல்வரை போய்விட்டது. போனால் தெரிந்துவிடும். மைனஸ் இருக்கிறதா இல்லையா, சிலியில் எடுத்ததா இல்லையா. இல்லை என்றால்? மேகம் என்று போட்டிருந்தால்? போன வாரம் இதே புள்ளிக்கு ஒரு தடவை மேகம், இன்னொரு தடவை காற்று, குவிமாடமே திறக்கவில்லை, இது மூன்றாவது முயற்சி. இன்றும் எடுக்கவில்லை என்று அந்தத் திரையில் பார்த்தால் தன் கை என்ன செய்யும் என்று டெல்பினுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் பயமே. தொப்பிக்கு எழுதின விண்ணப்பம் அங்கேயேதான் இருக்கிறது, பொத்தானும் இருக்கிறது. சரி, நம்மால் ஆனதைப் பார்த்தாயிற்று, கிடைத்த வரைக்கும் லாபம், சிஸ்டருக்காவது ஒரு படம் கிடைக்கட்டும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் மனசு சமாதானம் சொல்லும், கை கேட்டுவிடும். ஹவாயில் இப்போதுதான் நள்ளிரவு, புள்ளி உச்சியில் நிற்கும் நேரம், வேலை அங்கே நகரப்போகிற நேரம் பார்த்துத்தான் தான் அதைப் பிடுங்கிவிடுவாள். மைனஸ்? மைனஸ் தப்பென்றால் தப்புதான், போய்த் திருத்தலாமே என்று இன்னொரு குரல் நைசாகச் சொன்னது. நல்ல காரணம்தான். நல்ல காரணத்தோடு போய்த்தானே மனுஷர்கள் வேறு வேலை செய்துவிட்டு வருகிறார்கள். “வேண்டாம் செண்பா,” என்றாள். “பாத்தா மனசு மாறிரும். டீய மட்டும் இங்க குடிச்சிக்கிடுதேன்.” செண்பகவல்லி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “அப்படி என்ன இருக்கு அந்தப் புள்ளில?” “தெரியாது.” “தெரியாததுக்கா இவ்வளவு வீம்பு?” வீம்புதான். செண்பா கொண்டுவந்திருந்த டீ ஆறிப்போயிருந்தது, சீனி அதிகம். வராந்தாவில் நின்று ஒரே மடக்கில் குடித்துவிட்டு, உள்ளே வந்து முதல் வரிசையிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

கடைசி ஒரு மணி நேரம் அறையின் சத்தமே மாறிவிடும், பேனாக்கள் பதற்றத்தில் ஓடும், வளையல்கள் மேசையில் இடிக்கும், எழுதத் தெரியாதவர்கள் உத்தரத்தை வெறித்துப் பார்ப்பார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி ரொம்ப நேரமாக எழுதாமல் கேள்வித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் போய் நின்றால் இன்னும் கலங்கும் என்று டெல்பின் நாலு அடி தள்ளி நின்றாள். என்ன சொல்ல முடியும், அடக்கவிலைக் கணக்கு தனக்கும் தெரியாது. பொதுவாக அறைக்கெல்லாம் சொல்வதுபோல மட்டும் சொன்னாள், “நேரம் இருக்கு, தெரிஞ்சதுல இருந்து எழுதுங்க.” அந்தப் பெண் குனிந்து எதையோ எழுதத் தொடங்கினாள். நேரம் இருக்கிறதா? இன்று எடுக்காவிட்டால் அப்புறம் நிலா வளர்ந்துவிடும், அவ்வளவு மங்கலான பொடி நிலா வெளிச்சத்தில் கரைந்துவிடும், நிலா போவதற்குள் புள்ளி எங்கே இருக்கும் என்று கணக்கு சொல்ல முடியாத தூரம் போயிருக்கும். ஒரே இரவில் பார்த்த மூன்று இடங்களை வைத்து இன்றைய இடத்தைக் கணித்ததே துணிச்சல்தான். ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கின் வட்டம் விரிந்துகொண்டே போகும், ஒரு நாள் வானம் முழுக்க விரிந்துவிடும். அதற்குப் பெயர்தான் தொலைவது. நாற்பத்து மூன்று வயதுக் கால் வலித்தது, வலியோடு அடுத்த வரிசைக்குத் திரும்பினாள். படம் வராவிட்டால் அடுத்த ஆண்டு திரும்ப நேரம் கேட்பேன். தராவிட்டால் அதற்கடுத்த ஆண்டும் கேட்பேன். கௌசிக்குக்கு மறுபடி போன் போடுவேன், அவன் மரியாதையாகப் பேசட்டும், நானும் மரியாதையாகவே பேசுவேன். சிஸ்டரிடம் நானே போய்ச் சொல்வேன், வேறு யார் சொல்லியும் அவர் காதுக்குப் போகக்கூடாது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தாள். மைனஸ் மட்டும் மறுபடி வந்து கேட்டது, போட்டாயா? போட்டேன் என்று இந்தத் தடவை பதில் சொன்னாள், தெரிந்து சொல்லவில்லை, நடந்துகொண்டே இருக்க ஒரு பதில் வேண்டியிருந்தது. மணி அடித்தது. தாள்களைக் கட்டி, எண்ணி, ஒப்படைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கினாள்.

மைனஸ் இருந்தது. சின்னக் கோடு, பன்னிரண்டுக்கு முன்னால், தன் இடத்தில். அதன் கீழே, சிலி: மேகம், எடுக்கவில்லை. அதற்கும் கீழே, ஹவாய்: முடிந்தது. வராந்தாவின் தூணைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஆய்வகத்துக்குப் போகிற வழியில் சிஸ்டர் பிரிஜித்தாவே எதிரில் வந்தார். “படம் வந்துட்டாம்மா?” “வந்துட்டு சிஸ்டர். ஆனா கேலக்ஸி இல்ல. பிள்ளைங்க கண்டுபிடிச்ச புள்ளி இருக்கான்னு பாக்கதுக்கு அந்த நேரத்தக் குடுத்துட்டேன்.” சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுல ஏதாவது தெரியுமா?” “தெரியாமலும் போகலாம்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “குழு கேக்கும்போது நீங்களே சொல்லிருங்க டெல்பின். எனக்குச் சொல்லத் தெரியாது.” “நானே சொல்லுதேன் சிஸ்டர்.” அவ்வளவுதான். கோபமா இல்லையா என்று நின்று பார்க்கவில்லை, நடந்தாள்.

ஆய்வகத்தில் இசக்கியம்மாள் கணினியைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். ஹவாய் எடுத்த நாலு படங்களும் இறங்கி முடிய வெகுநேரம் பிடித்தது. புள்ளி இருக்கவேண்டும் என்று கணித்த இடத்தைச் சுற்றி இசக்கியம்மாள் ஒரு வட்டம் போட்டுவைத்திருந்தாள். படங்கள் மாறி மாறி ஓடின. வட்டத்துக்குள் ஒன்றுமில்லை. சுத்தமான கறுப்பு. மறுபடி ஓட்டினார்கள். நட்சத்திரமெல்லாம் அப்படி அப்படியே நின்றன. இசக்கியம்மாளின் மூச்சு தோள்பட்டையில் சுட்டது. “இல்ல மேம்,” என்றாள், குரல் உடைந்திருந்தது. டெல்பினின் கை மவுஸை விடவில்லை. “வட்டத்த எடு,” என்றாள். “எடுத்துட்டு?” “முழுப் படத்தையும் பாக்கணும். ஒரு மூலையில இருந்து தொடங்குவோம்.” மேல் இடது மூலையிலிருந்து, ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கி, நாலையும் ஓட்டி, இல்லை என்றால் அடுத்த கட்டம். வெளியே கல்லூரிப் பேருந்துகள் ஹார்ன் அடித்துக் கிளம்பிப் போயின, இசக்கியம்மாள் தன் பேருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. கண் எரிந்தது. பாதிப் படம் போயிற்று, முக்கால் படம் போயிற்று. கீழே வலது ஓரம், கிட்டத்தட்டப் படமே முடிகிற இடத்தில், சாம்பல்நிறப் பொடி ஒன்று தத்தியது. டெல்பின் திரும்ப ஓட்டினாள். தத்தியது. போன வாரம் போன அதே திசை, நினைத்ததைவிட வேகம், அதனால்தான் வட்டத்தைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. தலைப்பால் திரையைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

இசக்கியம்மாள் விரலை வைத்து எண்ணினாள், முதல் படத்தில் ஓரத்துக்கு உள்ளே, இரண்டாவதில் ஓரத்தை ஒட்டி, மூன்றாவதில் பாதி வெட்டுப்பட்டு. “அதுக்கப்புறம் போயிட்டு மேம்,” என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

“அது எங்கயும் போகல. படம்தான் அங்க முடியுது.” டெல்பின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மிச்ச நேரத்தைப் பார்த்தாள், ஹவாய் எடுத்தது போக இன்னும் பத்து நிமிஷம் போலக் கையில் இருந்தது. ஒரு தடவை எடுக்கப் போதும். புதிய இடம், புதிய வேகம், இந்தத் தடவை கணக்கு இன்னும் சரியாக வரும். “கண்ணத் தொடச்சிட்டு நம்பர வாசி. ஆஸ்திரேலியாவுல இருட்டிட்டு.”